டைரக்டிவ் பிரின்சிபிள்ஸ், அடிப்படைக் கடமை: கடையில கேக்குற கேள்விங்களும் நான் சொல்ற பதிலும்

பாலாத்துக்கரை ஊரு ஒண்ணுல, தாலுக்கா ஆபீசுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கூடவே மனுவும் எழுதிக் குடுப்பேன். சட்டம் படிக்கப் போயி ரெண்டாவது வருஷத்தோட நின்ன ஆளு, அதனால வக்கீல் இல்ல, ஆனா அரசியலமைப்பு புக்கு மட்டும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துலயே அட்டை கிழிஞ்சு கிடக்கும். குரூப் 4க்குப் படிக்கிற பசங்க நோட்ஸ் ஜெராக்ஸ் போட வரும்போதும் சரி, பென்ஷனுக்கு மனு எழுத வர்ற ஆயாக்கூட வந்த பேரனும் சரி, சுத்திச் சுத்தி இதே சமாச்சாரத்தைத்தான் கேக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்றதுக்கு ஒரு தடவை எழுதிப் போட்டுடலாம்னு தோணுச்சு.

அண்ணா, அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள்னா என்ன? பேரே வாயில நுழைய மாட்டேங்குது.

இங்கிலீஷ்ல டைரக்டிவ் பிரின்சிபிள்ஸ்ம்பாங்க, அரசியலமைப்புல பகுதி 4, பிரிவு 36ல இருந்து 51 வரைக்கும். அரசாங்கம் சட்டம் போடும்போதும் ஆட்சி நடத்தும்போதும் எதையெல்லாம் மனசுல வச்சுக்கணும்ங்கிற பட்டியல், அவ்ளோதான். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, வயசானவங்களுக்கு உதவி, பிள்ளைங்களுக்குப் படிப்பு, பிரசவ கால உதவி, கிராமப் பஞ்சாயத்து, சத்தான சாப்பாடு, மதுவிலக்கு, காடு, ஏழைக்கு இலவச வக்கீல்னு எல்லாம் அதுக்குள்ளதான் வருது. அடிப்படை உரிமை அரசாங்கத்தோட கையைப் பிடிச்சு "இதைச் செய்யாதே"ன்னு நிறுத்துது, இந்தக் கோட்பாடு முதுகுல கைய வச்சு "இதைச் செய், போ"ன்னு தள்ளுது. நான் பசங்களுக்கு இப்படித்தான் சொல்வேன். முழுக்கச் சரி கிடையாது, ஆனா மனசுல நிக்கும்.

கோர்ட்டுக்குப் போக முடியாதாமே? அப்புறம் எதுக்கு அது?

எல்லாரும் மடக்குறது இந்த இடத்துலதான். பிரிவு 37ஐ முழுசாப் படிங்க. எந்தக் கோர்ட்டும் இதை அமல்படுத்த முடியாதுன்னு முதல் பாதி, ஆனாலும் நாட்டை ஆளுறதுக்கு இதுதான் அடிப்படை, சட்டம் போடும்போது இதைக் கடைப்பிடிக்கிறது அரசோட கடமைன்னு ரெண்டாவது பாதி. நம்ம ஆளுங்க முதல் பாதியைப் படிச்சுட்டு புக்கை மூடிடுறாங்க. அந்த வரியில "கடமை"ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வேலை இருக்கு.

அரசியல் நிர்ணய சபையிலயே இதைக் கிண்டலடிச்சிருக்காங்க. கே.டி.ஷா, பேங்குக்கு வசதி இருக்கும்போது மட்டும் பணம் தர்ற செக்கு மாதிரின்னாரு. நம்ம மெட்ராஸ்காரர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஒரு படி மேல போயி உணர்ச்சிங்களைக் கொட்டி வைக்கிற குப்பைத்தொட்டின்னுட்டாரு. அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி பேச்சுல இதுக்குப் பதில் சொன்னாரு: யாரு வேணா ஆட்சிக்கு வரலாம், ஆனா வந்தவங்க இஷ்டத்துக்கு ஆட முடியாது, இந்தக் கோட்பாடுங்களை மதிச்சாகணும், மீறினா கோர்ட்ல பதில் சொல்ல வேண்டி வராம இருக்கலாம், எலெக்‌ஷன்ல ஜனங்ககிட்ட பதில் சொல்லியே ஆகணும். அதாவது இதுக்கு ஜட்ஜு நாமதான். நாம என்ன தீர்ப்பு சொல்லிட்டு இருக்கோம்ங்கிறது வேற கதை, அதை இங்க பேசினா கடைக்கு முன்னாடி கூட்டம் கூடிடும்.

இது அயர்லாந்துல இருந்து எடுத்ததுதானே?

ஆமா, 1937 அயர்லாந்து அரசியலமைப்பு. பரீட்சைக்கு அது போதும்.

அடிப்படை உரிமைக்கும் இதுக்கும் முட்டிக்கிட்டா எது ஜெயிக்கும்?

இந்தச் சண்டையோட முதல் பெரிய ரவுண்டு நம்ம மெட்ராஸ்லதான் நடந்துச்சு. அப்போ மெடிக்கல், இன்ஜினியரிங் காலேஜ்ல வகுப்புவாரி அரசாணைன்னு ஒண்ணு இருந்துச்சு, கம்யூனல் ஜி.ஓ.ம்பாங்க. 14 சீட்டுன்னா பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்னைக்கு ஹரிஜன்னு எழுதியிருந்தவங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்தவர் ரெண்டு பேருக்கும் சேர்த்து 1. இதனால எனக்கு மெடிக்கல் சீட்டு கிடைக்காதுன்னு செண்பகம் துரைராஜன்ங்கிற பிராமணப் பெண் கேஸ் போட்டாங்க. அவங்க காலேஜுக்கு அப்ளிகேஷனே போடலைங்கிறது பின்னாடி கோர்ட்லயே வெளிய வந்துச்சு! இருந்தாலும் கேஸ் நின்னுச்சு.

மெட்ராஸ் அரசாங்கம் பிரிவு 46ஐக் காட்டுச்சு, பலவீனமான மக்களோட படிப்பைத் தனி அக்கறையோட வளர்க்கணும்னு அரசியலமைப்பே சொல்லுதே, அதைத்தானே பண்றோம்னு. 1951 ஏப்ரல் 9 சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல, கோட்பாடெல்லாம் அடிப்படை உரிமைக்குக் கீழ துணையாத்தான் ஓடணும்னு சொல்லி ஜி.ஓ.வை அடிச்சுடுச்சு. இங்க பெரியார் போராட்டம், ஊரூருக்குக் கூட்டம், கடையடைப்பு. ரெண்டு மாசம் தாண்டின கையோட, ஜூன்ல முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பின்தங்கினவங்களுக்குத் தனி ஏற்பாடு பண்ணலாம்ங்கிற 15(4) உள்ள நுழைஞ்சுது. இன்னைக்கு காலேஜ் அட்மிஷன்ல இடஒதுக்கீடுன்னு ஒண்ணு ஓடுதுல்ல, அதுக்கு வேர் இது. கோர்ட்ல தோத்த கோட்பாடு பார்லிமென்ட்ல ஜெயிச்சுதுன்னும் வச்சுக்கலாம்.

அப்புறம் 1971ல 25ஆவது திருத்தம், எமர்ஜென்சியில 42ஆவது திருத்தம்னு கோட்பாட்டைத் தூக்கி உரிமைக்கு மேல வைக்கப் பாத்தாங்க. 1973 கேசவானந்த பாரதி கேஸ், 1980 மினர்வா மில்ஸ் கேஸ்ல எல்லாம் அலசி, ரெண்டும் ஒரு தேரோட ரெண்டு சக்கரம் மாதிரி, ஒண்ணைக் கழட்டி எறிஞ்சுட்டு இன்னொண்ணை வச்சு ஓட்ட முடியாதுன்னு முடிச்சாங்க. அந்த பேலன்ஸே அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்பு, அதாவது பார்லிமென்ட்டே திருத்தம் போட்டுக் கெடுக்க முடியாத பகுதின்னு மினர்வா தீர்ப்பு சொல்லுது. குரூப் 1 மெயின்ஸ் எழுதுற தம்பிங்க இந்த வரிசையை மறக்காதீங்க.

அப்போ ஒரு சாதாரண ஆளுக்கு இது கோர்ட்ல எந்த வகையிலயும் உதவாதா?

உதவும், ஆனா பின் வாசல் வழியா. நேரா போயி சுற்றுச்சூழலைக் காக்கணும்ங்கிற பிரிவு 48ஏவைக் குடுங்கன்னு கேட்டா திருப்பி அனுப்பிடுவாங்க, அதே சமாச்சாரத்தை பிரிவு 21, உயிர் வாழும் உரிமைக்குள்ள வச்சுக் கேட்டா கோர்ட் கேட்டுக்கும். 1985ல பம்பாய் பிளாட்பாரவாசிங்க கேஸ், ஓல்கா டெல்லிஸ்ம்பாங்க, பிழைப்பு இல்லாம உயிர் வாழ முடியாது, அதனால பிழைப்பும் 21க்குள்ள வரும்னு சொல்றதுக்கு பிழைப்புக்கு வழி, வேலைன்னு பேசுற 39(ஏ), 41 ரெண்டையும்தான் துணைக்குக் கூப்பிட்டாங்க. 1982ல டெல்லி போலீஸ் டிரைவர் ஒருத்தர் கேஸ்ல சம வேலைக்குச் சம சம்பளமும் இப்படித்தான் வந்துச்சு.

எங்க ஊரு உதாரணத்தைச் சொல்லாம விட மாட்டேன். எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணியை ஒரு சொம்புல புடிச்சு ராத்திரி வச்சா காலையில ஓரத்துல வெள்ளையா படிஞ்சு நிக்கும். துணி துவைச்சா சோப்பு நுரைக்காது. எங்க அப்பா காலத்துல அதே கெணத்துத் தண்ணியில நெல்லு வெளைஞ்சுது, இப்போ தென்னைகூட ஓலை காஞ்சு நிக்குது. தோல் ஷாப்புங்க கழிவுத் தண்ணி. (எங்க பக்கம் டேனரியை தோல் ஷாப்புன்னுதான் சொல்வோம்.) 1991ல வேலூர்ல இருந்து மக்கள் நல மன்றம் ஒண்ணு நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு வந்துச்சு. தோல் ஷாப்புங்க இருக்கிற பகுதியில 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ கெட்டுப்போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. மாசுபடுத்துனவன்தான் காசு குடுக்கணும், ஆபத்து வரும்னு தெரிஞ்சா முன்கூட்டியே தடுக்கணும், இந்த ரெண்டும் இந்த நாட்டுச் சட்டம்தான்னு கோர்ட் அங்கதான் சொல்லுச்சு, அதுக்கு ஆதாரமா காட்டுனது பிரிவு 21, கூடவே ஜனங்க ஆரோக்கியத்தைச் சொல்ற 47, மேல சொன்ன 48ஏ, ஆறு ஏரியைக் காக்கிறது குடிமக்கள் கடமைங்கிற 51ஏ(ஜி). கவனிங்க, பின்னாடி இருக்கிற மூணுமே கோர்ட்டுக்குப் போக முடியாததுன்னு பாடப்புத்தகம் சொல்ற வகையறா. தோல் ஷாப்பு ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபா அபராதம், சுத்திகரிப்பு பிளான்ட் வைக்கலன்னா மூடு.

அப்போ தண்ணி நல்லாயிடுச்சான்னு கேக்காதீங்க. 2025 ஜனவரியில இதே பாலாறு, இதே தோல் கழிவு, மறுபடி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, நஷ்டஈடு குடுங்க ஆத்தைச் சரி பண்ணுங்கன்னு. தீர்ப்பு நெறைய இருக்கு, சொம்பு ஓரத்துல வெள்ளையும் இருக்கு. அதுக்காகத் தோல் ஷாப்பையே மூடணும்னு சொல்றவன் இல்ல நான், என் கடைக்கு வர்ற பாதிப் பேரோட சம்பளம் அங்க இருந்துதான் வருது.

மதுவிலக்கு அரசியலமைப்புலயே இருக்குன்னா டாஸ்மாக் எப்படி?

நல்ல கேள்வி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கேக்கக்கூடாத கேள்வியும்கூட. பிரிவு 47 மதுவிலக்கு கொண்டுவர முயற்சி பண்ணணும்னுதான் சொல்லுது, "முயற்சி"ங்கிற வார்த்தையிலதான் எல்லாரும் தப்பிக்கிறாங்க. 1937ல ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்சாரு, 1948ல மாகாணம் பூராவும் வந்துடுச்சு, 1971ல எடுத்தாங்க, அப்புறம் மறுபடி போட்டாங்க, மறுபடி எடுத்தாங்க. 1983ல டாஸ்மாக் ஆரம்பிச்சுது, 2003ல இருந்து சில்லறைக் கடையும் அரசாங்கமே நடத்துது. இதை எதிர்த்து 47ஐ மட்டும் கையில வச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா கொள்கை முடிவுன்னு சொல்லிடுவாங்க. ஆனா அதே 47லதான் சத்துணவும் ஆரோக்கியமும் இருக்கு. காமராஜர் மதிய உணவு, 1982ல எம்ஜிஆர் சத்துணவு எல்லாம் அந்த வரியோட வேலைதான். ஒரே பிரிவுல ஒரு பாதியில நாம நாட்டுக்கே முன்னோடி, இன்னொரு பாதியில... சரி விடுங்க.

படிப்பு உரிமையா கோட்பாடா? நோட்ஸ்ல ரெண்டு மாதிரியும் போட்டிருக்கு.

ரெண்டுமே சரி, வருஷம்தான் வேற. முதல்ல கோட்பாடு. 14 வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, அதுவும் பத்து வருஷத்துக்குள்ளன்னு பிரிவு 45ல கெடு வச்சிருந்தாங்க, பகுதி 4லயே கெடு வச்சு எழுதுனது அது ஒண்ணுதான். 1960ல முடிஞ்சிருக்கணும். முடியல. 1993ல உன்னிகிருஷ்ணன் கேஸ்ல கோர்ட்டே இது உரிமைன்னுச்சு, 2002ல 86ஆவது திருத்தம் 21ஏவைச் சேர்த்துச்சு, 2009ல ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 அமல். இப்போ 45ல இருக்கிறது ஆறு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க பராமரிப்பு. அதே 86ஆவது திருத்தம்தான் பெத்தவங்களுக்கு 11ஆவது கடமையையும் வச்சுது. கோட்பாடு, உரிமை, கடமைன்னு ஒரே விஷயம் மூணு இடத்துலயும் உக்காந்திருக்கிறது இது ஒண்ணுதான், ஒரு மார்க் கேள்விக்குச் சரியான இடம்.

கிராம சபைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

பிரிவு 40. முதல் வரைவுல பஞ்சாயத்தே இல்ல, அம்பேத்கருக்கு கிராமத்து மேல பெரிய மரியாதை கிடையாது, ஏன்னு நம்ம சேரியில பொறந்தவங்களைக் கேட்டாத் தெரியும். காந்தி வழி வந்தவங்க விடல, மெட்ராஸ்ல இருந்து போன கே.சந்தானம் 1948 நவம்பர் 22 அன்னைக்கு திருத்தம் கொண்டுவந்து சேர்த்தாரு. அது வெறும் வரியாவே 40 வருஷத்துக்கு மேல கிடந்துச்சு, 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ல அமலுக்கு வந்தப்புறம்தான் எலெக்‌ஷன், இடஒதுக்கீடு, கிராம சபை எல்லாம் கட்டாயமாச்சு.

மே 1 கிராம சபைக்கு எங்க அத்தை ஊருக்குப் போயிருந்தேன். ஷாமியானா போட்டு முப்பது நாப்பது சேர், பாதிக்கு மேல நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க. தீர்மான நோட்டு ஏற்கனவே எழுதி வச்சு கையெழுத்துக்கு மட்டும் சுத்தி வந்துச்சு. எங்க அத்தை "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு, அப்புறம் போடுறேன்"னுச்சு. எழுந்த சத்தம் பாக்கணுமே. கடைசியில படிச்சாங்க. தெருவிளக்கு பத்தி எழுதியிருந்த இடத்துல எங்க அத்தை தெரு பேரே இல்ல, அங்கயே அடிச்சுத் திருத்தி எழுத வச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டுச்சு. அத்தைக்குப் பிரிவு 40 எல்லாம் தெரியாது.

இலவச வக்கீல் நெஜமாவே கிடைப்பாங்களா?

கிடைப்பாங்க. பிரிவு 39ஏ, 42ஆவது திருத்தத்துல வந்தது. அதை வச்சு 1987ல சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் போட்டாங்க. பெண்கள், குழந்தைங்க, எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிங்க, காவல்ல இருக்கிறவங்களுக்கு வருமானமே பாக்க மாட்டாங்க, மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு. தாலுக்கா கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், போன் நம்பர் 15100. இது தெரியாம நகையை அடகு வச்சு வக்கீல் பீஸ் கட்டுன அக்காங்களை நானே பாத்திருக்கேன், அதான் கடை ஷட்டர்லயே அந்த நம்பரைப் பெயின்ட்ல எழுதி வச்சிருக்கேன்.

பொது சிவில் சட்டம்?

பிரிவு 44. அதுவும் கோட்பாடுதான், மத்த கோட்பாடுங்க மாதிரியேதான். சபையில இது வந்தப்போ மெட்ராஸ்ல இருந்து போன முகமது இஸ்மாயில், நம்ம காயிதே மில்லத், அவங்கவங்க மதத்தோட தனிச்சட்டத்தை விட்டுக்குடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு திருத்தம் குடுத்தாரு, ஏத்துக்கல. கோவாவுல போர்ச்சுகீசியர் காலத்துச் சட்டம் இன்னும் ஓடுது, உத்தராகண்ட்ல 2025 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. என் கருத்து கேட்டீங்கன்னா, 44ஐ மட்டும் மைக்கு போட்டுப் பேசுறவங்க 39(சி)யை, அதாவது சொத்து சில பேர் கையில குவியக்கூடாதுங்கிறதை, ஒரு தடவையாவது பேசினா நம்பலாம்.

சரி, அடிப்படைக் கடமைக்கு வருவோம். எப்போ வந்துச்சு, எத்தனை?

1950ல அரசியலமைப்பு அமலுக்கு வந்தப்போ கடமைன்னு ஒரு பகுதியே கிடையாது. எமர்ஜென்சி நேரத்துல ஸ்வரண் சிங் கமிட்டி எட்டு கடமை சொல்லுச்சு, பார்லிமென்ட் பத்தா ஆக்கி 42ஆவது திருத்தத்துல பகுதி 4ஏ, பிரிவு 51ஏன்னு வச்சுது. 1977 ஜனவரி 3ல அமல். 2002ல ஒண்ணு சேந்து இப்போ 11. ஆயிரக்கணக்கான பேரை விசாரணை இல்லாம உள்ள வச்சிருந்த நேரத்துல வெளிய இருந்தவங்களுக்குக் கடமைப் பட்டியல் குடுத்தாங்கங்கிறது எனக்கு எப்பவுமே உறுத்தும். அடுத்து வந்த ஜனதா அரசாங்கம் 42ல நெறைய விஷயத்தைக் கழட்டிப் போட்டுச்சு, ஆனா இதைத் தொடல.

கொடி, தேசிய கீதத்தை மதிக்கணும், ஒற்றுமையைக் காக்கணும், பெண்களை இழிவு பண்ற பழக்கத்தை விடணும், காடு ஏரி ஆறு காட்டுவிலங்கைப் பாதுகாத்து உயிர்ங்க மேல இரக்கம் காட்டணும், அறிவியல் மனப்பான்மை வேணும், பொதுச்சொத்தைச் சேதப்படுத்தக்கூடாது, இப்படிப் போகும். பெண்களை இழிவுபடுத்துறதை விடுன்னு இருக்கிற ஒரு கடமையை ஒழுங்காச் செஞ்சாலே என் கடைக்கு வர்ற மனுவுல பாதி குறைஞ்சுடும்.

ஓட்டுப் போடறது, வரி கட்டுறது இதுல எத்தனையாவது?

எதுலயுமே இல்ல. வரி கட்டுறதை ஸ்வரண் சிங் கமிட்டி சொல்லுச்சு, எடுத்துக்கல. வரி கட்டலன்னா இன்கம் டாக்ஸ் சட்டம் பாத்துக்கும்.

கடமையைச் செய்யாதவனுக்கு உரிமை கேக்க என்ன தகுதி இருக்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உக்காந்தேன். ஒரு ஆபீஸ், பேரு வேணாம். எழுபது தாண்டின ஒரு ஆயா ஓஏபி பணம், அதான் முதியோர் பென்ஷன், ஏழு மாசமா வரலன்னு நாலாவது தடவையா போயிருக்கு. நானும் கூடப் போனேன். செவுத்துல பெரிய போர்டு, அடிப்படைக் கடமைகள் 11னு வரிசையா கலர்ல எழுதி மாட்டியிருக்கு. சீட்டுல இருந்தவர் தலையைத் தூக்காமலே, "எல்லாரும் உரிமை உரிமைன்னு வந்துடுறீங்க, முதல்ல அங்க எழுதியிருக்கிற கடமையைச் செய்யுங்க"ன்னாரு. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பாத்து "இன்னாப்பா எழுதியிருக்குது, ஏதாவது பேப்பர் எடுத்தாரணுமா?"ன்னு கேட்டுச்சு.

உரிமை கடமைக்கு ஈடா கிடைக்கிறதுன்னு அரசியலமைப்புல ஒரு வரிகூட இல்ல. பகுதி 3ல இருக்கிற எந்த உரிமைக்கும் கடமையைச் செஞ்சா மட்டும்னு கண்டிஷன் போடல. குத்தம் பண்ணி ஜெயில்ல இருக்கிறவனுக்கும் 21 உண்டு. இன்னொண்ணு, கடமைங்கிற வார்த்தை 51ஏவுல வர்றதுக்கு 26 வருஷம் முன்னாடியே 37ல வந்துடுச்சு, மேல ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அங்க அது அரசோட கடமை. வயசானவங்களுக்கு உதவணும்ங்கிற 41 அந்த அரசோட கடமைப் பட்டியல்லதான் இருக்கு. அப்போ அந்த ஆபீஸ்ல முதல்ல கடமை தவறுனது யாரு? போர்டு மாட்டுறதுன்னா 51ஏ பக்கத்துல 37, 38, 39, 41ஐயும் அதே சைஸ் எழுத்துல மாட்டணும்ங்கிறதுதான் என் வாதம்.

கடமையை மீறினா ஜெயில் உண்டா?

51ஏவை வச்சு மட்டும் யாரையும் தூக்க முடியாது. அதுக்குன்னு தனிச்சட்டம் இருந்தா உண்டு. கொடியைக் கொளுத்துனா 1971 தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், மானை வேட்டையாடினா 1972 வனவிலங்குச் சட்டம், பஸ்ஸை உடைச்சா தமிழ்நாட்டுல 1992 பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம்.

கேரளாவுல நடந்தது ஒண்ணு. யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைங்க மூணு பேர், ஸ்கூல்ல ஜனகணமன பாடும்போது எழுந்து நிப்பாங்க, பாட மாட்டாங்க, அவங்க மத நம்பிக்கை அப்படி. 1985ல ஸ்கூலை விட்டு நிறுத்திட்டாங்க. சுப்ரீம் கோர்ட் 1986 ஆகஸ்ட் 11, மரியாதையா நின்னாலே போதும், பாடித்தான் ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல, பிள்ளைங்களைத் திரும்பச் சேத்துக்கோங்கன்னுச்சு. எழுதுனவர் சின்னப்ப ரெட்டி, நம்ம மரபு சகிப்பைச் சொல்லுது, அரசியலமைப்பு சகிப்பைக் கடைப்பிடிக்குது, அதுல தண்ணி ஊத்தாதீங்கன்னு முடிப்பாரு. அதே கோர்ட் 2016ல எல்லா சினிமா தியேட்டர்லயும் கட்டாயமா போடுன்னுச்சு, 2018 ஜனவரியில கட்டாயம் இல்லன்னுச்சு. இடைப்பட்ட காலத்துல பாப்கார்னைக் கையில வச்சுக்கிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள நான் பட்ட பாடு!

ஜல்லிக்கட்டு கேஸ்ல கடமை எப்படி வந்துச்சு?

2014 மே 7 தீர்ப்புல ஜல்லிக்கட்டைத் தடை பண்ணும்போது பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தோட 51ஏ(ஜி) இரக்கம், 51ஏ(ஹெச்) மனிதநேயம் ரெண்டையும் கோர்ட் பெருசா எடுத்து வச்சுது. அதை வச்சு மட்டும் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு சொல்ற கடமை, ஒரு மாநிலத்தோட வெளையாட்டையே நிறுத்துற அளவுக்கு வெயிட்டா நின்னுச்சு. 2017 ஜனவரி மெரினா உங்களுக்கே தெரியும், இங்க சட்டசபை திருத்தம் போட்டுச்சு, 2023 மே 18 அஞ்சு நீதிபதிங்க பெஞ்சு அந்தத் திருத்தம் செல்லும்னுச்சு. எங்க பக்கம் எருதுவிடும் விழாதான், மாட்டை ஓட விடுவோம், அதுவும் சேந்து தப்பிச்சுது. கடமையைக் கோர்ட் எடுத்து எந்தப் பக்கமும் வீசும், அது நமக்குப் புடிச்ச பக்கமாவே இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

இலங்கையிலயும் இப்படி இருக்காமே?

இருக்கு. 1978 அரசியலமைப்புல ஆறாவது அத்தியாயம், 27ல அரசுக்கு வழிகாட்டு நெறி, 28ல ஆளுங்களுக்குக் கடமை, 29ல இது எதையும் வச்சு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாதுன்னு ஒரேயடியா பூட்டு. நம்மளோடதுல கோட்பாட்டுக்குத்தான் அந்தப் பூட்டை எழுதியிருக்காங்க, 51ஏவுக்கு அப்படி ஒரு வரி கிடையாது, அமல்படுத்த வழியும் சொல்லல.

மனுவுல "பிரிவு 41இன்படி"ன்னு எழுதினா பென்ஷன் சீக்கிரம் வருமா?

எழுதலாம், தப்பில்ல, ஆனா அதை வச்சு மட்டும் பைல் நகராது. 41லயே அரசோட பொருளாதார சக்திக்கு உட்பட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதைக் காட்டிடுவாங்க. முதல் அப்ளிகேஷன் இ-சேவையில போட்ட ஒப்புகைச் சீட்டு, பேங்க் பாஸ்புக்குல கடைசியா பணம் ஏறின பக்கம், ஆதார், இதெல்லாம் ஜெராக்ஸ் வச்சு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாருக்கு மனு, ஒரு காப்பியில சீல் வாங்கிடணும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல இன்னொண்ணு. அப்பவும் அசையலன்னா 10 ரூபா ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு, என் மனு மேல எந்தத் தேதியில யாரு என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னு மட்டும் கேளுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.

அந்த ஆயாவுக்கு நாங்க ஆர்டிஐ போட்டோம். பேங்க் அக்கவுன்ட்டோட ஆதார் சேரலன்னு பதில் வந்துச்சு, ஏழு மாசமா இதை யாரும் வாயைத் தெறந்து சொல்லல. கைரேகை தேஞ்சு போயி மெஷின்ல விழாம நாலு தடவை திரும்பி வந்துச்சு, அஞ்சாவது தடவை கட்டைவிரலை விட்டுட்டு மோதிர விரலை வச்சப்போதான் விழுந்துச்சு. பணம் ஏறின அன்னைக்குக் கடைக்கு வந்து "அந்த போர்டுல இன்னா எழுதியிருந்துச்சு, இப்பவாவது படிச்சுக் காட்டு"ன்னுச்சு. படிச்சுக் காட்டினேன். ஆறு ஏரியைக் காப்பாத்தணும்னு வந்த இடத்துல நிறுத்தி, "அது நம்ம பாலாத்தையுமா?"ன்னு கேட்டுச்சு.